1498-க்கும் 1757-க்கும் நடுவில் கடலில் யாருமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் போட்டித் தேர்வுப் பக்கத்தில் நவீன கால உலக வரலாற்றின் தொடக்கம் பற்றி ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். எங்கள் வேதாளைப் பக்கம் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்து ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் படிக்காத பக்கமாக இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

ஆண்டுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1453 கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ச்சி, 1492 கொலம்பஸ், 1517 மார்ட்டின் லூதர் எல்லாம் சரிதான். ஆனால் நம் கடல் என்று வரும்போது 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குகிறார், 1600-இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள், அடுத்த வரியே 1757 பிளாசிப் போர். இதைப் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? காமா வந்தார், வெள்ளைக்காரன் ஆண்டான், அவ்வளவுதான் என்று நினைக்கும். நடுவில் ஓடியது கிட்டத்தட்ட 260 வருஷம். அந்த 260 வருஷத்தில் ஐரோப்பியர்கள் இங்கே என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதுதான் அந்தக் காலத்து வரலாற்றின் சாரமே. அதை வெளியே எங்கும் போய்த் தேட வேண்டாம், மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் ஒரு நாள் பஸ்ஸில் போய் வந்தாலே பாதி கிடைத்துவிடும்.

முதலில் 1498-க்கு முந்தைய கதை. காமா வந்து நம் கடலைத் திறந்து வைத்த மாதிரி எழுதுகிறார்கள், அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. சீனத்துத் தளபதி செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு தடவை இந்தப் பக்கம் கப்பற்படையோடு வந்து போயிருக்கிறார். முதல் பயணத்திலேயே அவரோடு வந்தவர்கள் 27,000 பேருக்கு மேல். காமா கொண்டுவந்தது நாலு கப்பலும் சுமார் 170 ஆட்களும். இலங்கையில் காலி நகரத்தில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் ஹே சீனாவிலேயே எழுத்துப் பொறித்து, 1409 தேதி போட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து நட்ட கல் அது. அதில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனவரை நாயனார் என்கிற பெருமாளுக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. மூன்று பேருக்கும் கொடுத்தது கிட்டத்தட்ட ஒரே அளவு. சீனச் சக்கரவர்த்தியின் ஆள் இந்தக் கடலில் ஒரு கல் நட வேண்டும் என்றால் அதில் தமிழ் இருந்தாக வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அன்றைக்குத் தமிழ் வியாபாரிகளுக்கு இந்தக் கடலில் இருந்த இடம் அப்படி. எங்கள் பெரியபட்டினத்தில் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைப்பதும் இதனால்தான். உங்கள் அட்டவணையில் செங் ஹே பெயரே இல்லை.

அப்புறம் 1498. இந்த வருஷத்தை நீங்கள் ஒரு தடவைதான் போட்டிருக்கிறீர்கள், இரண்டு தடவை போட்டிருக்க வேண்டும். மே மாதம் காமா கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் கொலம்பஸ் தன் மூன்றாவது பயணத்தில் இன்றைய வெனிசுலா கரைக்குப் போய், அங்கே பெண்கள் முத்து கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஆக, ஒரே வருஷத்தில் போர்ச்சுக்கலுக்கு முத்து விளைகிற நம் கடலுக்கு வழி கிடைத்தது, ஸ்பெயினுக்கு முத்து விளைகிற இன்னொரு கடல் கிடைத்தது. இரண்டு இடத்திலும் அடுத்த ஐம்பது வருஷத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல பாடங்கள் ஒரே மூச்சில் புரியும்.

வெனிசுலா கரைக்கு அந்தப் பக்கம் குபாகுவா என்று ஒரு சின்னத் தீவு, குடிதண்ணீர்கூடக் கிடையாது. அங்கே ஸ்பானியர்கள் ஊரையே கட்டி, பஹாமாஸ் தீவுகளிலிருந்து நன்றாக மூச்சடக்கத் தெரிந்த மக்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுவந்து கடலில் இறக்கினார்கள். மேலே வந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினால் வள்ளத்தில் நிற்கிறவன் அடித்து மறுபடி உள்ளே தள்ளுவான் என்று லாஸ் காசாஸ் என்கிற ஸ்பானியப் பாதிரியார் கண்ணீர் விடாத குறையாக எழுதி வைத்திருக்கிறார். காலை முதல் சாயந்திரம் வரைக்கும் இதே வேலை. ஆட்கள் செத்தார்கள், சிப்பியும் தீர்ந்தது. 1541-இல் புயலோ பூகம்பமோ வந்து ஊர் அழிவதற்கு முன்பே முத்துப் பார் (சிப்பி விளைகிற கடலடித் திட்டு) காலியாகிவிட்டது. சுதந்திரமான பூர்வகுடிகளைக் கட்டாயப்படுத்தி முத்துக் குளிக்க வைக்கக் கூடாது என்று ஸ்பெயின் ராஜா சட்டம் போட்டது 1542-இல்.

அதே 1542-இல்தான் பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். இங்கே நிலைமை என்ன? பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும் நாளில் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, கூடும். குளிகாரர் காலில் கல்லை மாட்டிக்கொண்டு, சிப்பி அள்ள வலைப்பையோடு இறங்குவார். ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம், ஒரே மூச்சு. மேலே கயிற்றைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் மச்சானாக இருப்பார், தன் தங்கச்சி தாலி அவர் கையில் இருப்பதால் கவனம் பிசகாது என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். எடுத்த சிப்பியில் குளிகாரருக்குப் பங்கு உண்டு. போர்ச்சுக்கீசியர்கள் இங்கே ஒன்றும் தருமவான்களாக இருக்கவில்லை, அவர்களுடைய அதிகாரிகள் செய்த அட்டூழியத்தைப் பற்றிச் சவேரியாரே தம் கடிதங்களில் புலம்பியிருக்கிறார். ஆனாலும் குபாகுவாவில் செய்ததை இங்கே செய்ய முடியவில்லை. ஏனென்றால் இங்கே குளிகாரர்களுக்கு ஊர் இருந்தது, சாதித் தலைவர் இருந்தார், பிடிக்காவிட்டால் தோணியை எடுத்துக்கொண்டு இன்னொரு ராஜாவின் கரைக்குப் போய்விட முடிந்தது, சலாபத்துக்கு முன்பணம் கொடுக்க வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள். ஆள் போய்விட்டால் முத்து இல்லை.

பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்களானது 1530-களின் நடுவில். அதையும் ‘மதம் பரப்பினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சவேரியார் வருவதற்குச் சில வருஷம் முன்பே அது நடந்துவிட்டது. முத்துப் பார் யாருக்கு, சலாபத்து வரியை யார் வசூலிப்பது என்று கரையில் பரதவருக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் பெரிய தகராறு நடந்துகொண்டிருந்தது. ஒரு குதிரை வியாபாரி யோசனை சொல்ல, பரதவர் தரப்பு கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்ச்சுக்கீசியர்களின் கடற்படைப் பாதுகாப்பைக் கேட்டது. கேட்டது கிடைத்தது, ஞானஸ்நானமும் கூடவே வந்தது. இன்றைக்கு இதை வைத்து எந்தப் பக்கமும் சண்டை வளர்க்க வேண்டியதில்லை, அன்றைக்கு அவரவர் பிழைப்புக்கு அவரவர் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு ஒரு போரில் போய் முடிந்தது எங்கள் வேதாளையில். 1538-இல் கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியின் மரைக்காயர் கப்பற்படை இலங்கை அரசியலில் கைகொடுக்கப் போகிற வழியில் இங்கே கரையில் தங்கியிருக்க, போர்ச்சுக்கீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ டி சோசா வந்து அதை அடித்து நொறுக்கினார். போர்ச்சுக்கல் தேசத்து வரலாற்றுப் புத்தகங்களில் வேதாளை என்ற பெயர் இருக்கிறது, நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. ஊரில் இன்றைக்கு அதற்கு ஒரு பலகைகூடக் கிடையாது. பத்துப் பதினோரு வருஷம் கழித்து 1549-இல் அதே வேதாளையில் இன்னொரு சண்டை. ராமேசுவரத்துக்கு வருகிற யாத்திரிகர்களை மறித்துப் போர்ச்சுக்கீசியக் கேப்டன் காசு கேட்க ஆரம்பித்தார், விஜயநகரத்துப் படை வந்து இறங்கிவிட்டது. அதில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இளம் பாதிரியார் கொல்லப்பட்டார், ஏசு சபையின் முதல் வேதசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள். கப்பலில் பீரங்கி இருந்தவரை கடலில் அவர்கள் ராஜா, கரையேறிச் சுங்கம் போட்டால் அடி, இதுதான் அந்த நூற்றாண்டு.

கிரிமினாலி இறந்ததும் இந்தக் கரையின் பொறுப்பு என்றீக்கே என்றீக்கஸ் என்ற பாதிரியாருக்கு வந்தது. உங்கள் அட்டவணையில் ‘1556, கோவாவில் இந்தியாவின் முதல் அச்சகம்’ என்று போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறியது 1578-இல் கொல்லத்தில், இந்த என்றீக்கஸ் தமிழில் போட்ட ‘தம்பிரான் வணக்கம்’ மூலமாக. அச்சு வேலைக்குக் காசு கொடுத்தவர்களில் நம் கரையின் மீனவர்கள் உண்டு. குட்டன்பர்க்குக்கு இரண்டு வரி ஒதுக்கிய நீங்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம், தமிழ்ப் பத்திரிகைதானே.

அடுத்தது டச்சுக்காரர்கள். 1602-இல் கம்பெனி தொடங்கினார்கள், 1658-இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடுங்கினார்கள். இவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம், ஐரோப்பாவிடம் விற்க ஒன்றும் இல்லை என்பது. அவர்கள் கம்பளித் துணியை இந்த வெயிலில் யார் வாங்குவது? இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டும் என்றால் அங்கே கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. அந்தத் துணியை வாங்க வேண்டும் என்றால் இங்கே கேட்டது வெள்ளியும் தங்கமும். அந்த வெள்ளி பொலிவியாவில் பொட்டோசி மலையிலிருந்து, 1545-இல் கண்டுபிடித்த சுரங்கத்திலிருந்து, அந்த நாட்டு மக்களின் உயிரைக் குடித்து வெட்டியெடுத்தது. இன்னொரு பங்கு ஜப்பானிலிருந்து வந்தது. பரமக்குடியில் தறியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் பொட்டோசியில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒருவருக்கும் இடையில் ஒரே சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியாது. உலகமயம் என்று இப்போது சொல்கிறோமே, அது அப்போதே ஆரம்பம்.

அதே டச்சுக்காரர்கள் 1621-இல் பண்டாத் தீவுகளில் ஜாதிக்காய்க்காக ஊர் ஊராக மக்களைக் கொன்று தீர்த்தவர்கள். ஆனால் ராமநாதபுரத்து ராஜாவான சேதுபதியிடம் வரும்போது பரிசுப் பொருளோடு வந்து ஒப்பந்தம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி வந்து ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே புலி இங்கே பூனை. காரணம் பாம்பன். பெரிய கப்பல் அதில் நுழையாது, இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். சின்னத் தோணிகள் போகலாம், ஆனால் சுங்கம் சேதுபதிக்கு. சங்கு குளிக்கிற கரையும் சேதுபதியுடையது. இந்தச் சங்கை வாங்கி வங்காளத்துக்கு அனுப்பினால் நல்ல லாபம், ஏனென்றால் அங்கே கல்யாணமான பெண்கள் கையில் சங்கு வளையல் இருந்தாக வேண்டும். டாக்காவில் சங்கு அறுக்கிறவர்களுக்கென்று சங்காரி பஜார் என்றே ஒரு தெரு இருக்கிறது, இன்றைக்கும். பிறைநிலா வடிவத்தில் பெரிய ரம்பம், அதை இரண்டு கையாலும் பிடித்து, காலுக்கிடையில் சங்கை இறுக்கிக்கொண்டு வட்டம் வட்டமாக அறுத்தெடுப்பார்கள். கீழக்கரையில் எடுத்த சங்குக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

நடுவில் நின்று வியாபாரம் செய்தவர்களில் பெரிய ஆள் கீழக்கரை பெரியதம்பி மரைக்காயர், நாம் எல்லோரும் ‘செத்தும் கொடுத்தான்’ என்று பழமொழியில் மட்டும் தெரிந்துவைத்திருக்கிற சீதக்காதி. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களில் அவர் பெயர் வருகிறது, அரிசியிலிருந்து மிளகு வரைக்கும் அவரோடு பேரம். அவர் காசில்தான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆரம்பித்தார். அவருக்கு நெருக்கமான கிழவன் சேதுபதிதான் போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டி, மதுரை நாயக்கர் பிடியிலிருந்தும் விலகினார். ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவைக் கொல்ல வைத்ததும் அதே சேதுபதி காலத்தில்தான். அரச குடும்பத்துத் தடியத்தேவர் அவரால் ஞானஸ்நானம் வாங்கி, மனைவிகளைத் தள்ளிவைத்ததில் ஒருவர் சேதுபதி வீட்டுப் பெண், வாரிசுத் தகராறும் ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. ஒரே ராஜாவுக்கு முஸ்லிம் வியாபாரி உயிர்த்தோழர், டச்சுக்காரர் வியாபாரக் கூட்டாளி, போர்ச்சுக்கீசியப் பாதிரியார் எதிரி. இதை எந்தக் கட்டத்தில் போட்டு அடைப்பீர்கள்?

மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஊரே கொண்டாடியது. அந்த மிளகாய் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலேறி வந்தது. அதற்கு முன்னால் நம் மீன் குழம்பில் மிளகுதான். நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, புகையிலை எல்லாம் அதே வழியில் வந்தவை. (சீமைக் கருவேலமும் அமெரிக்காதான், ஆனால் அந்தப் பழியைக் காமா மேல் போட முடியாது, அது வெள்ளைக்காரன் காலத்தில் பிற்பாடு வந்தது.)

சரி, அப்படியானால் எப்போதுதான் நிலைமை மாறியது? இதற்கு ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போனால் போதும். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. ஒன்றில் ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். தெலுங்கு தேசத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து காத்திருக்கிற மற்றத் தூதர்களைப் போலத்தான் அவர்களும், வந்தவர்களில் ஒரு கூட்டம். 1798-இல் அதே ராமநாதபுரத்தில் கட்டபொம்மனை வரச்சொல்லி, ஊர் ஊராக அலையவிட்ட பிறகு கலெக்டர் ஜாக்சன் நிற்கவைத்து விசாரித்தார். மூன்று நாலு தலைமுறைக்குள் யார் யாருக்காகக் காத்திருப்பது என்பது தலைகீழாகிவிட்டது.

நடுவில் நடந்ததைச் சொன்னால்தான் 1757-க்கே அர்த்தம். ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொண்ட சண்டை 1746-இலிருந்து கர்நாடகத்தில் (இன்றைய மாநிலம் இல்லை, ஆற்காட்டு நவாபின் ராஜ்ஜியம்) நவாபு யார் என்கிற சண்டையாக மாறியது. இந்தியச் சிப்பாய்களுக்கே ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து வரிசையில் நின்று சுடவைத்தார்கள், பழைய படைகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆற்காட்டு நவாபு ஆங்கிலக் கம்பெனிக்காரர்களிடம் கடன் மேல் கடன் வாங்கி, அதை அடைக்கப் பாளையங்களைக் கசக்கினார். எல்லாவற்றையும்விடப் பெரியது 1765. வங்காளத்தின் வரிவசூல் உரிமை கம்பெனி கைக்குப் போனது. அதுவரை சரக்கு வாங்க லண்டனிலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது, இனிமேல் இந்தியர் கட்டிய வரியை வைத்தே இந்தியச் சரக்கை வாங்கலாம், மிச்சத்தில் படையும் வைத்துக்கொள்ளலாம். 1772-இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன, சின்னப் பிள்ளையாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சிக்குச் சிறை கொண்டுபோனார்கள். பிறகு திரும்பி வந்து ஆண்ட அவர் கம்பெனியின் வியாபாரத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை, அவர்கள் சரக்குக்கும் சுங்கம் கேட்டார். முன்னோர்கள் டச்சுக்காரரிடம் கேட்ட அதே சுங்கம்தான். 1795-இல் பதவியைப் பிடுங்கி மறுபடி சிறை, 1809-இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை இந்தப் பக்கம் போடும்போது ‘எந்த ஆண்டு’ என்கிற கேள்வியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். குபாகுவாவில் முடிந்தது மன்னார் வளைகுடாவில் ஏன் முடியவில்லை என்று ஒரு கேள்வி போடுங்கள். பண்டாவில் கொன்றவர்கள் ராமநாதபுரத்தில் ஏன் பரிசு கொடுத்தார்கள் என்று ஒன்று. 1765-க்கு அப்புறம் கம்பெனிக்கு ஏன் வெள்ளி தேவைப்படவில்லை என்று ஒன்று. பிள்ளைகள் திணறுவார்கள், திணறட்டும், பெரிய தேர்வுகளில் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். கூடவே மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம், அதில் வேதாளையும் கீழக்கரையும் ஓரியூரும் புள்ளி வைத்து. இடம் போதாது என்று சொல்வீர்கள் என்று தெரியும். லூதர் பிறந்த ஊர் எது என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதை எடுத்துவிடுங்கள், அதை எந்தத் தேர்விலும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேதாளை, ராமநாதபுரம் மாவட்டம்